கதை கேட்பவர்கள்: ஆய்வு நேர்காணலும் உளச்சிகிச்சையும் – சில குறிப்புகள்

'மனசுல உள்ளதக் கொட்டிட்டா பாரம் இறங்கிடும்' என்பது நம்மிடையே புழங்கும் நம்பிக்கை. களப்பணிக்குப் போகிற ஆய்வாளர் இதைச் சொல்கிறார். உளச்சிகிச்சையாளர் சொல்கிறார். உண்மையறியும் குழுவில் போகிற தோழரும் சொல்கிறார். மூன்று பேருக்குமே இது வசதியான நம்பிக்கைதான். கேட்பதே ஒரு சேவையாகிவிடுகிறதல்லவா? கேட்டதை வைத்துக்கொண்டு அப்புறம் என்ன செய்தீர்கள் என்கிற கேள்வி எழாமல் போய்விடுகிறது.

விளிம்புநிலை மக்களின் குரலைப் பதிவு செய்வது, வாய்மொழி வரலாறு, தன்வரலாறு என்று கதையாடல் மீதான அக்கறை நம் சூழலில் வேர்கொண்டு கொஞ்ச காலமாகிறது. இது நல்லதே. ஆனால் ஒருவர் தன் கதையை இன்னொருவரிடம் சொல்லும்போது அங்கே நடப்பது என்ன, அந்தக் கதை யாருக்குச் சொந்தம், அது எந்தத் திசையில் போகிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. ஆய்வு நேர்காணலையும் உளச்சிகிச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஓரளவு தெளிவாகும் என்று நினைக்கிறேன். இரண்டிலும் ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார். இரண்டிலும் கேட்பவர் அதிகம் பேசுவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தெரிவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது.

1

ஆய்வு நேர்காணல் என்றால் கேள்வித்தாள் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 'இடைமறிக்காதே, புத்தி சொல்லாதே, வாதம் பண்ணாதே, அவர் சொல்ல விரும்பாததையும் கவனி' என்கிற ஒழுக்கம் அதற்குள் எப்படி வந்தது? மனநல மருத்துவத்திலிருந்து வந்தது, அதுவும் ஒரு தொழிற்சாலை வழியாக.

சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1928இல் தொழிலாளரைப் பேட்டி காணும் திட்டம் தொடங்கியது. மேற்பார்வை எப்படி, வேலை எப்படி, வேலையிடம் எப்படி என்று முன்கூட்டியே வகுத்த கேள்விகள். தொழிலாளர்கள் அந்தக் கேள்விகளுக்குள் நிற்கவில்லை. வீட்டுக் கதை, கடன் கதை, பழைய அவமானம் என்று எங்கெங்கோ போனார்கள். 1929இல் நிர்வாகம் முறையை மாற்றியது. கேள்விகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவர்கள் போகிற வழியில் பின்னாலேயே போவது என்று முடிவாயிற்று. பேட்டியின் நேரம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு நீண்டது. 1930க்குள் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசியிருந்தார்கள். இந்த ஆய்வுகளோடு தொடர்புடைய எல்டன் மாயோ பிரெஞ்சு மனநல மருத்துவர் பியர் ழானேயிடம் ஈடுபாடு கொண்டவர். குழந்தைகளிடம் பேசுவதற்குப் பியாஜே கையாண்ட மருத்துவமனைப் பாணி உரையாடலும் இம்முறைக்கு ஒரு முன்மாதிரி.

இதில் நிர்வாகம் கண்டுபிடித்த விஷயம்தான் முக்கியம். புகாரைத் தீர்க்காமலே, புகாரைக் கேட்டால் போதும், ஆள் தணிந்துவிடுகிறார். கூலி பற்றிய முறையீடு, பேசப் பேச, அந்த ஆளின் குடும்பப் பிரச்சினையாக மாறிவிடுகிறது. 1936இல் ஆலைக்குள்ளேயே ஆலோசகர்கள் நியமிக்கப்பட்டார்கள். அந்தத் திட்டம் 1956 வரை நீடித்தது. தகவல் திரட்டத் தொடங்கிய நேர்காணல் இப்படிச் சிகிச்சையாக முடிந்தது. யாருக்குச் சிகிச்சை? ஆலையின் அமைதிக்கு.

1945இல் உளச்சிகிச்சையாளர் கார்ல் ரோஜர்ஸ் ஓர் அமெரிக்க சமூகவியல் இதழில் எழுதிய கட்டுரையில், திசைகாட்டாமல் கேட்கும் தன் சிகிச்சை முறை சமூக ஆய்வுக்கும் பொருந்தும் என்று வாதிட்டார். நாம் இன்று 'நல்ல நேர்காணல்' என்று சொல்லிக்கொடுப்பதில் பாதி அங்கிருந்து வந்தது. ஆக, ஆய்வாளரின் காது கடன் வாங்கிய காது. காதைக் கடன் வாங்கியபோது, கேட்பதோடு சேர்ந்திருந்த பொறுப்புகளையும் வாங்கினோமா என்பதுதான் கேள்வி.

2

கதைக்கு ஒரு சுயவேகம் உண்டு. இதைக் கூர்மையாகக் கண்டு சொன்னவர் ஜெர்மன் சமூகவியலாளர் ஃப்ரிட்ஸ் ஷூட்ஸே. 1970களில் மேற்கு ஜெர்மனியில் சிற்றூராட்சிகளை ஒன்றோடொன்று இணைக்கிற விவகாரத்தை ஆராய உள்ளூர் அரசியல்வாதிகளிடம் போனார். அரசியல்வாதியிடம் கேள்வி கேட்டால் பதில் எப்படி வரும் என்று நமக்குத் தெரியாதா? கேள்வி கேட்காமல், 'நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்' என்று விட்டுவிடுவது ஷூட்ஸேயின் முறை. கதை முடிகிறவரை இடையில் பேசுவதில்லை.

ஏன் இது பலிக்கிறது? கதை சொல்லத் தொடங்கியவரை மூன்று நிர்ப்பந்தங்கள் பிடித்து இழுக்கின்றன என்கிறார் அவர். ஒன்று, விவரித்தாக வேண்டிய நிர்ப்பந்தம்: ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று காட்டியாக வேண்டும். இரண்டு, தொடங்கியதை முடித்தாக வேண்டிய நிர்ப்பந்தம். மூன்று, நேரம் குறைவு என்பதால் முக்கியமானதை மட்டும் தேர்ந்து சுருக்கியாக வேண்டிய நிர்ப்பந்தம். எது முக்கியம் என்று தேர்வதிலேயே ஆள் வெளிப்பட்டுவிடுகிறார்.

ஒரு உதாரணம் கற்பித்துக்கொள்வோம். ஒரு பெண் சொல்லத் தொடங்குகிறார்: 'அன்னிக்கு ராத்திரி போலீசு வந்துச்சு. கதவ ஒடச்சாங்க. எம் பையன எழுப்பி அடிச்சாங்க.' இங்கே வந்ததும் கதை ஒரு கேள்வியை எழுப்புகிறது. நாம் கேட்கவே வேண்டாம், கதையே கேட்கிறது: வீட்டுக்காரர் எங்கே? 'அவரு மேலத்தெருவுல ஒரு வீட்டுல ஒளிஞ்சிருந்தாரு.' யார் வீடு? அதையும் சொல்லாவிட்டால் கதை நகராது. இரண்டு நிமிடத்தில், சொல்லவே கூடாது என்று நினைத்திருந்த ஒரு பெயர் நம் டேப்பில் ஏறிவிடுகிறது. அவர் ஏமாறவில்லை, நாம் ஏமாற்றவுமில்லை. கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபாவ் இதே வேகத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். ஆராய்ச்சிக்காரர் முன்னால் மக்கள் தங்கள் இயல்பான மொழியைப் பேசுவதில்லை என்பது அவருடைய சிக்கல். 1960களில் நியூயார்க்கில் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, சாகப்போகிறோம் என்று நினைத்த தருணம் எப்போதாவது வந்ததா என்பது. அந்தக் கதையைச் சொல்லும்போது ஆள் மறுபடி அதற்குள் போய்விடுகிறார், தன் பேச்சைக் காவல் காக்க மறந்துவிடுகிறார். ஆய்வாளருக்கு வேண்டிய உச்சரிப்பு கிடைத்துவிடுகிறது. ஒருவர் சாவின் விளிம்பிலிருந்து திரும்பியதைச் சொல்கிறார், கேட்பவர் உயிரெழுத்து எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். லபாவின் பங்களிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கறுப்பின மக்களின் பேச்சு 'குறையுள்ள ஆங்கிலம்' என்ற இனவாதக் கருத்தை உடைத்தவர்களில் அவர் முதன்மையானவர். ஆனாலும் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கதை ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் துலக்கமான காட்சி கிடையாது.

இதே இழுப்பு சிகிச்சை அறையிலும் உண்டு. வேறுபாடு என்னவென்றால், அங்கே அடுத்த வாரம் உண்டு. குறித்த நேரம், குறித்த அறை, ரகசியம் காக்கும் கடமை, தாங்க முடியாதபோது நிறுத்திவைக்கும் பயிற்சி என்று ஒரு வேலி இருக்கிறது. கதை கிளறிவிட்டதை மறுவாரம் எடுத்துப் பேசலாம். ஆய்வாளரோ ஒரே நாளில் ஆழத்தைத் தொட்டுவிட்டு, 'கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா' என்று கிளம்பிவிடுகிறார். தொடக்கத்தில் வாங்கும் சம்மதம் எதற்கான சம்மதம்? என்ன சொல்லப்போகிறோம் என்று சொல்பவருக்கே தெரியாதபோது, முன்னால் வாங்கிய கையெழுத்து பின்னால் வந்த கதைக்குப் பொருந்தாது.

3

அப்படியானால் சிகிச்சைதான் நல்லது, ஆய்வு சுரண்டல் என்று முடிவுகட்டலாமா? சிகிச்சையின் வரலாறு அப்படிச் சொல்லவிடாது.

'பேச்சு வைத்தியம்' என்ற பெயரை வைத்தவர் மருத்துவர் அல்ல, நோயாளி. 1880க்கும் 1882க்கும் இடையே வியன்னாவில் யோசெஃப் ப்ராயரிடம் சிகிச்சை பெற்ற பெண், தாய்மொழியான ஜெர்மன் வாயில் வராமல் ஆங்கிலம் மட்டுமே பேசிய நாட்களில், அந்த மொழியிலேயே வைத்த பெயர் அது. புகைபோக்கியைத் துடைப்பது என்று வேடிக்கையாக இன்னொரு பெயரும் வைத்தார். 1895இல் ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அவர் 'அன்னா ஓ.' ஆனார். குணமாகிவிட்டதாக அந்தக் கதை முடிகிறது. உண்மையில் 1882 ஜூலையில் அவர் சுவிட்சர்லாந்தின் ஒரு மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார், மார்பின் பழக்கத்தோடு. 1972இல்தான் எல்லன்பெர்கர் அந்த ஆவணங்களைக் கண்டெடுத்து வெளியிட்டார். அந்தப் பெண் பெர்த்தா பாப்பன்ஹைம். பின்னாளில் 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவியவர், பெண்களைக் கடத்தி விற்பதற்கு எதிராகப் போராடியவர். அவர் இறந்தது 1936இல். 1953இல் ஃப்ராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் அவர் பெயரைப் போட்டு உடைத்தார். யாரிடம் சம்மதம் கேட்பது?

'டோரா' கதை இன்னும் கசப்பானது. 1900 அக்டோபரில் பதினெட்டு வயதுப் பெண்ணைத் தகப்பன் ஃப்ராய்டிடம் கொண்டுவந்து விடுகிறார். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் அத்துமீறினார் என்பது அவள் சொல்வது. அந்த நண்பரின் மனைவியோடு தகப்பனுக்குத் தொடர்பு, அதை மறைக்கத் தன்னையே பண்டமாற்றாகத் தருகிறார்கள் என்பதும் அவள் சொல்வது. நடந்தது நடக்கவில்லை என்று ஃப்ராய்ட் சொல்லவில்லை. ஆனால் அவள் அருவருப்பை நோய்க்குறியாக வாசித்தார். அவள் அந்த ஆளை உள்ளூரக் காதலித்தாள் என்று விளக்கம் கொடுத்தார். டிசம்பர் 31 அன்று அவள் எழுந்து போய்விட்டாள். மறுவருடம் அந்தக் குடும்பத்தை நேரில் சந்தித்து, நடந்ததை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தாள். இதையும் ஃப்ராய்டேதான் பதிவு செய்திருக்கிறார்.

சிகிச்சைக்காரரின் காது கதையிலுள்ள இடைவெளிகளைக் கேட்கிறது. கதை கோர்வையாக இல்லையென்றால் அங்கே நனவிலி பேசுகிறது என்கிறது. இது பெரிய கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் இடைவெளி எப்போதும் சொல்பவருக்குள்தான் இருக்கிறதா? தகப்பனும் நண்பரும் சேர்ந்து மூடிவைத்த ஒன்றை ஒரு பெண் கோர்வையாகச் சொல்ல முடியாமற்போனால், அந்த ஓட்டை யாருடைய நோய்? டோராவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, ஒப்புதல் தேவைப்பட்டது.

புனைபெயர் பற்றி ஒரு வார்த்தை. 'டோரா' என்ற பெயர் தனக்கு எப்படித் தோன்றியது என்று ஃப்ராய்ட் 1901இல் எழுதினார். அவருடைய தங்கை ரோசாவின் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பெயரும் ரோசா. எஜமானிக்கும் வேலைக்காரிக்கும் ஒரே பெயர் கூடாதென்று அவளை டோரா என்று கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாதவள் என்ற எண்ணத்திலிருந்து வந்த பெயர். 'பேர மாத்திட்டோமே, அப்புறமென்ன?' என்று சொல்லும் நம் ஆய்வாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பெயரை மறைப்பது பாதுகாப்பு, பல சமயம் உயிர்ப் பாதுகாப்பு. பெயரைப் பறிப்பதும் அதே செயல்தான். எது எப்போது என்பதைச் சொன்னவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

4

இரண்டு காதுகளும் நேருக்கு நேர் மோதிய ஒரு சம்பவம் உண்டு. உளப்பகுப்பாய்வாளர் டோரி லாப், தானே சிறுவயதில் முகாமிலிருந்து தப்பியவர். யேல் பல்கலைக்கழகத்தின் சாட்சியப் பதிவுகளைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஷோஷனா ஃபெல்மனோடு சேர்ந்து 1992இல் வெளியிட்ட நூலில் அவர் இதைச் சொல்கிறார். ஆஷ்விட்ஸில் 1944 அக்டோபரில் கைதிகள் கிளர்ந்தெழுந்ததை ஒரு பெண் விவரிக்கிறார்: நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என்கிறார். வரலாற்றாசிரியர்கள், வெடித்தது ஒன்றே, எனவே இந்தச் சாட்சியத்தை நம்ப முடியாது என்கிறார்கள். அந்தப் பெண் எண்ணிக்கைக்குச் சாட்சி சொல்லவில்லை, நடக்கவே முடியாதென்றிருந்த ஒன்று நடந்ததற்குச் சாட்சி சொல்கிறார் என்கிறார் லாப்.

படிக்கும்போது நாம் லாப் பக்கம் சாய்கிறோம். நானும் சாய்கிறேன். ஆனால் வரலாற்றாசிரியர்களின் பதற்றமும் வெட்டிப் பதற்றமல்ல. முகாம்களே இல்லை என்று சாதிக்கிற கூட்டம் ஒன்று தவறான ஒரு எண்ணுக்காகக் காத்திருந்தது. 1982இல் டொனால்டு ஸ்பென்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் கதையின் உண்மை, வரலாற்றின் உண்மை என்று இரண்டாகப் பிரித்தார். சிகிச்சைக்கு முதலாவதே போதும், பொருந்திவரும் கதை கிடைத்தால் நோயாளி தேறுகிறார். நமக்கு அது போதாது. 'எல்லாமே பிரதிதான், எல்லாமே கதையாடல்தான்' என்று சொல்லிப் பழகிய நம் நண்பர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. லாக்கப்பில் செத்தவன் விஷயத்தில் காவல்துறையிடமும் ஒரு கதையாடல் இருக்கிறது. மிகக் கோர்வையாக இருக்கும் அது. இடைவெளியே இருக்காது.

5

இதுவரை பார்த்ததில் ஆய்வு கதையை வெளியே எடுத்துப்போகிறது, சிகிச்சை கதையை உள்ளே திருப்புகிறது. முன்னதில் சொன்னவர் மறைகிறார், பின்னதில் உலகம் மறைகிறது. மூன்றாவது வழி ஒன்று சிலியில் உருவானது.

1973 செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு சித்திரவதைக்கு உள்ளானவர்கள், காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர்கள் ஆகியோரிடம் வேலை செய்த இரு உளவியலாளர்கள், 1983இல் ஓர் அமெரிக்க இதழில் கட்டுரை எழுதினார்கள். சியென்ஃபுவேகோஸ், மொனெல்லி என்ற புனைபெயர்களில். பினோசெட் ஆட்சியில் இருந்தார், சொந்தப் பெயர்களைப் போட முடியாது. அவர்கள் எலிசபெத் லிராவும் யூஜினியா வைன்ஸ்டைனும். ஒடுக்குமுறைக்கு ஆதாரம் திரட்டவே சாட்சியங்களைப் பதிவு செய்தார்கள். சொன்னவர்கள் அதனால் தேறுவதைக் கண்டபின் அதையே சிகிச்சை முறையாக்கினார்கள். சொல்வதை டேப்பில் பிடிப்பது, எழுத்தாக்குவது, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து திருத்துவது, முடிவில் ஓர் ஆவணம். வதைபட்டவரின் அனுபவம் அவருக்குள் நோயாகத் தங்காமல், ஆட்சிக்கு எதிரான குற்றச்சாட்டாக வெளியே வருகிறது. கதை அவரிடமே இருக்கிறது, அவர் அனுமதியோடு வெளியேயும் போகிறது. பின்னர் இம்முறை பல நாடுகளுக்குப் பரவி, வாரணாசியில் போலீஸ் சித்திரவதைக்கு உள்ளானவர்களிடமும் கையாளப்பட்டது. அங்கே கடைசியில் ஊர்கூடி, ஆவணத்தை வாசித்து, சொன்னவர் கையிலேயே மரியாதையோடு கொடுக்கிறார்கள்.

நமக்கு அருகிலிருக்கும் உதாரணம் வாச்சாத்தி. 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நடத்திய வெறியாட்டமும், 18 பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமையும் நாம் அறிந்ததே. அந்தப் பெண்கள் எத்தனை பேரிடம், எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பார்கள்! சங்கத்துக்கு, விசாரணை அதிகாரிக்கு, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு. 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. குறுக்கு விசாரணையில் கதை சொல்வதை எந்த உளச்சிகிச்சையாளரும் பரிந்துரைக்க மாட்டார். ஆனால் எந்தச் சிகிச்சை அறையும் தர முடியாத ஒன்றை, 'நீ சொன்னது நடந்தது' என்று ஊரறிய ஒப்புக்கொள்ளும் ஒரு சொல்லை, அது தந்தது. பத்தொன்பது வருஷம் சொல்லவைத்த பிறகு தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

6

கேட்கிற எல்லோரும் சிகிச்சையாளராகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆகவும் கூடாது, அரைகுறை வைத்தியம் ஆபத்து. கேட்பவர் நண்பரா, ஆய்வாளரா, சங்கத்து ஆளா என்பது சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் சில எளிய கடமைகள். சம்மதத்தை முன்னால் ஒருமுறை, கதை முடிந்தபின் மறுமுறை கேட்பது. 'இந்தப் பேரு இருக்கட்டுமா, அழிச்சிடவா?' என்று குறிப்பாகக் கேட்பது. எழுத்துப்படியைத் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவது, திருத்த விடுவது. அவர்கள் நம்மைக் கேட்டால் பதில் சொல்வது: கர்ப்பிணிப் பெண்களிடம் ஆய்வு செய்த ஆன் ஓக்லி, பேட்டி காண்பவர் பதில் சொல்லாமல் நழுவ வேண்டும் என்ற பாடப்புத்தக விதியை 1981இலேயே உடைத்தார். கதை கிளறிவிட்ட இரவில் அவர் தனியாக இருக்கப்போகிறாரா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புவது. 'சொல்ல இஷ்டமில்ல' என்றால் அதோடு விடுவது. மௌனத்தை எதிர்ப்பாகவோ, அடக்கப்பட்ட நனவிலியாகவோ வாசிக்கத் துடிக்கும் நம் கோட்பாட்டு ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

பேசுகிறவனிடமல்ல, பேசாமல் கேட்கிறவனிடம்தான் அதிகாரம் குவிகிறது என்று பாவமன்னிப்பு பற்றி ஃபூக்கோ 1976இல் எழுதியதை நாம் பலமுறை மேற்கோள் காட்டிவிட்டோம். கேட்கிறவர்கள் நாம்தான் என்பதை அப்போதெல்லாம் வசதியாக மறந்திருந்தோம். கடந்த முப்பது வருஷங்களில் கலவரம் நடந்த ஊர்களிலும் சேரிகளிலும் முகாம்களிலும் நாம் பதிவு செய்த காசெட்டுகள் நம் பரண்களில் கிடக்கின்றன. பல பூஞ்சை பிடித்துவிட்டன. அதில் பேசியவர்களில் பலர் இன்னமும் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கோ அவர்கள் பிள்ளைகளுக்கோ ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம். அடுத்த கேள்வியை அவர்கள் நம்மிடம் கேட்கட்டும்.